அடுப்பும் மலையேறிற்று

சித்திரைத் திருவிழா முடிந்து கள்ளழகர் தம்முடைய மலைக்குத் திரும்பிவிட்டாரென்றால், அவரை வழியனுப்பிவிட்டு வீடு வந்து சேரும் மதுரை ஜனங்களுக்கும் மலை நினைவு வந்துவிடுகிறது. அழகருக்குச் சொந்தத்தில் மலை இருக்கிறது, கஷ்டமில்லை. நம்மைப் போன்றவர்கள் கொடைக்கானலில் யாருடைய பங்களாவையாவது ஐந்து நாளைக்கு வாடகை பேசிக்கொண்டுதான் வெயிலுக்குத் தப்பவேண்டும்.

2025-ஆம் வருஷத்துக் கத்திரியில் நாமும் அவ்விதமே தப்பினோம். எங்கள் கோஷ்டியில் பதினான்கு பேர்: அண்ணன் வீட்டார் ஐவர், தங்கை வீட்டார் நால்வர், நம் வீட்டார் நால்வர், எல்லாருக்கும் மேலாக எழுபத்துநான்கு வயது நிரம்பிய அம்மா.

யோசனை ஆண்பிள்ளைகளுடையது. அண்ணனும், தங்கையின் கணவரும், நாமுமாக ஒரு நாள் மாலை மொட்டைமாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பதினான்கு பேருக்கு மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடென்றால் கையிருப்பு மலையிலிருந்து உருண்டு வந்துவிடும். சமையலறையுள்ள பங்களாவாகப் பார்த்துப் பிடித்து, அடுப்பையும் அரிசியையும் கையோடு கொண்டுபோய்விட்டால் செலவில் பாதி மிச்சம். "வீட்டுச் சாப்பாடு உடம்புக்கும் நல்லது" என்று மாப்பிள்ளை முத்தாய்ப்பு வைத்தார். கீழே அடுக்களையிலிருந்த மூன்று பெண்மணிகளுக்கும் தீர்மானம் தெரிவிக்கப்பட்டது. ஆட்சேபம் ஒன்றும் வரவில்லை. ஆட்சேபம் வராத தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகக் கொள்வதுதானே சபை மரபு!

இப்போதெல்லாம் நினைத்த மாத்திரத்தில் கொடைக்கானலுக்கு வண்டி ஏறிவிட முடியாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி முதல் ஒவ்வொரு வண்டிக்கும் இ-பாஸ் வாங்கவேண்டும். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று யாராவது எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும், நல்ல ஏற்பாடுதான். வண்டியின் எண்ணைக் கேட்டார்கள், ஆட்களின் தொகையைக் கேட்டார்கள். அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகையால் இரட்டை அடுப்பு ஒன்று, சிறிய காஸ் சிலிண்டர் ஒன்று, அரிசி, பருப்பு, தூக்குவாளி நிறையத் தோசை மாவு, அப்பளக் கட்டு, ஊறுகாய் ஜாடி, அம்மாவின் கஷாயச் சாமான் எல்லாம் வேனின் பின்புறத்தை அடைத்துக்கொண்டன. பிள்ளைகளின் பந்தும் மட்டையும் மடியில் வந்தன.

வத்தலக்குண்டைத் தாண்டும்போது, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த ஊர் இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பின் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அதற்கப்பால் மலைப்பாதை. ஆயிரம் அடி ஏறினால் உஷ்ணம் சுமார் இரண்டு பாகை குறையும் என்பது பாடப் புத்தகத்திலுள்ள சமாசாரம். அதைத் தோலினால் படிப்பது வேறு சுகம். ஐந்தாவது வளைவில் ஜன்னலைத் திறந்தோம்; பத்தாவது வளைவில் அம்மா சால்வையைக் கேட்டார். ஏரியில் மிகும் நீர் வெள்ளியருவியாக விழுமிடத்தில் வண்டியை நிறுத்தி எல்லோரும் முகத்தில் சாரலை வாங்கிக்கொண்டோம்.

இந்தப் பாதையில் மோட்டார் ஓடத் தொடங்கியது 1914-ஆம் வருஷத்தில். மலையில் வெள்ளைக்காரர்கள் குடியேறியதோ அதற்கு எழுபது வருஷங்களுக்கு முன்பே. 1821-இல் வார்டு என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் அளவெடுக்க வந்து போனார். 1845-இல், மதுரைச் சீமையின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுத்து வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் உயிருக்கு அஞ்சி ஏறி வந்து இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். சரி, பாதை இல்லாத காலத்தில் அவர்களும், அவர்களுடைய மனைவி மக்களும், பெட்டி படுக்கைகளும் ஏழாயிரம் அடி உயரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

நம்மவர்களின் தோள்மேல்தான். டோலியிலும் நாற்காலியிலும் உட்காரவைத்து, அடிவாரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் கூலியாட்கள் சுமந்து வந்தார்கள். கொடைக்கானலைக் கண்டவர் இன்னார், ஏரியை அமைத்தவர் இன்னார், நடைபாதை போட்டவர் இன்னார் என்று வழிகாட்டிப் புத்தகங்களில் பெயர்கள் நிறைய இருக்கின்றன. சுமந்தவர்களில் ஒருவருடைய பெயரையும் அவற்றில் நாம் காணவில்லை. வண்டியில் இதைச் சற்று உரக்கவே பிரசங்கம் செய்தோம். தேசாபிமானம் ததும்பியது. அண்ணன்கூடத் தலையசைத்தார். பின்புறத்தில் அடுப்பு கடகடவென்று ஆடியது நமக்கு அப்போது காதில் விழவில்லை.

பங்களா நல்ல பங்களா. ஓட்டுக் கூரை, கணப்பு, முன்புறத்தில் புல்தரை, தூரத்தில் மேகம் படுத்துறங்கும் பள்ளத்தாக்கு. முதல் நாள் மத்தியானம் நாங்கள் பிள்ளைகளோடு பந்தடித்துவிட்டு, பசி காதை அடைக்க உள்ளே வந்தோம். சாதம் தயாராகவில்லை. பெரிய பானையில் அரிசி கொதிக்கிறது, கொதிக்கிறது, வேகவில்லை. பக்கத்தில் பருப்பும் அதே பிடிவாதம். கொண்டுபோன குக்கரோ நான்கு பேருக்குப் போதுமானது.

நாமோ பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். வாய் சும்மா இருக்குமா? அடுக்களை வாசலில் நின்றுகொண்டு விளக்கம் கூறினோம். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆகவே தண்ணீர் நூறு பாகைக்குக் காத்திராமல் சுமார் தொண்ணூற்றுமூன்று பாகையிலேயே கொதித்துவிடும். எத்தனை தீயை ஏற்றினாலும் திறந்த பானையின் நீர் அதற்குமேல் சூடேறாது, ஆவிதான் அதிகமாகும். எனவே பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கிறது. குக்கர் தன்னுள் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால்...

"தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று சொன்னீர்கள், சரி" என்றாள் நம் மனைவி, கரண்டியை எடுக்காமலே. "அது வேகிற வரைக்கும் நிற்கிறது யார் என்று சொல்லவில்லையே?"

வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் மணி அடித்துக் காப்பாற்றியிருக்கும். இங்கே மணி கிடையாது.

முதலிரண்டு நாட்களும் நாங்கள் பார்க்கவேண்டியதையெல்லாம் பார்த்தோம். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் கரை கட்டிய நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். பையன்கள் சைக்கிளில் எங்களை மூன்று முறை முந்தினார்கள். படகு விட்டோம். நானூறு அடி உயர்ந்து நிற்கும் தூண்பாறைகளை மூடுபனி திரைபோட்டுத் திரைவிலக்கிக் காட்டியது. சூரியனை ஆராயும் வான நிலையத்தையும் போய்ப் பார்த்தோம். 1909-இல் எவர்ஷெட் என்பவர், சூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் ஓரங்களில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அந்த விளைவுக்கு உலகமெங்கும் அவர் பெயரே வழங்குகிறது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது மலைக்காற்று எங்கள் பசியை இருமடங்காக்கியிருந்தது. காலையில் தோசை, பதினொரு மணிக்குக் காப்பி, மத்தியானம் சாப்பாடு, நான்கு மணிக்கு மிளகாய் பஜ்ஜி, இரவில் சப்பாத்தி. பஜ்ஜியின்போது மாப்பிள்ளை, "இந்தக் குளிருக்கு இதுதான் சொர்க்கம்" என்றார்.

இரண்டாம் நாள் இரவு, கணப்பருகில் நம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, யார் யார் என்னென்ன பார்த்தார்கள் என்று பத்தி பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா: ஏரி, தூண்பாறை, வான நிலையம். பெரியப்பா: அதே. மாமா: அதே, குதிரைச் சவாரி, விழுந்தது. பிறகு பாத்திரம் துலக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த தன் தாயாரைக் கேட்டாள்: "அம்மா, நீ என்ன பார்த்தாய்?"

"ஜன்னல்" என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்கு விடை. குழந்தையும் அப்படியே எழுதிக்கொண்டாள். நாம் எழுந்து அடுக்களைக்குப் போய் அந்த ஜன்னலைப் பார்த்தோம். மண் சரியாமலிருக்கக் கட்டிய கருங்கற் சுவர் ஒன்று ஜன்னலுக்கு மூன்றடிக்கு அப்பால் நின்றது. அதில் பாசி படிந்திருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை. குளிர் ஒரு காரணம். 1947-இல் வெள்ளைக்காரன் கப்பலேறினான். மலையும் நாடும் நம்முடையதாயிற்று என்று வருஷந்தோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். அந்த 'நம்முடைய' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று இலக்கணம் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மலையேறிய துரைசானியைப் பற்றி வண்டியில் அத்தனை ஆவேசமாகப் பேசினோம். எங்கள் மூவரையும் யார் தோளிலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கையில், போர்வையை இன்னும் சற்று மேலே இழுத்துக்கொள்ளத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் காலையில் முதல் தோசை கல்லில் இருக்கும்போதே அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி. ஏழாயிரம் அடி உயரத்துப் பருப்பு எரிவாயுவை எத்தனை விழுங்குமென்று மொட்டைமாடிக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை. அண்ணன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, ஊருக்குள் போய் வேறு சிலிண்டர் கொண்டுவருவதாகக் கிளம்பினார்.

"அடுப்பு மலையேறிவிட்டது. இருக்கட்டும், விடுங்கள்" என்றார் அண்ணி.

விளக்கு அணைந்ததை 'மலையேறிற்று' என்று மங்களமாகச் சொல்வது நம் வீடுகளின் வழக்கம். அண்ணி அதைத்தான் சொன்னார். ஆனால் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள், பிறகு நம் மனைவி, பிறகு அம்மாவும். நான்கு பேரும் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் மூவரும் பையன்களின் கான்வாஸ் ஜோடுகளை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கல்லில் பாதி வெந்திருந்த தோசை என்னவாயிற்றென்று இதுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

வட்டக்கானல் வரை வண்டியில் போனோம். அங்கே ஒரு தேநீர்க் கடையில் ரொட்டியும் முட்டைப் பொரியலும் கிடைத்தன. மரக்கறிக்காரரான மாப்பிள்ளை ரொட்டியை வெறுமனே தின்றார். அம்மா கடை வாசலிலேயே வெயில்பட உட்கார்ந்துகொண்டார்: "நீங்கள் போய் வாருங்கள். போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதுவே போதும்."

அங்கிருந்து டால்பின் மூக்கு என்னும் பாறைக்குப் பாதை இறங்குகிறது. பாதையென்று சொல்வது உபசாரம், மரவேர்களே படிகள். இவ்விடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். கொடைக்கானலில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாய் நின்று புகைப்படம் பிடித்துக்கொள்ளும் பைன் காடு இயற்கையல்ல. 1906-இல் நட்டது. யூகலிப்டஸும் வாட்டில் மரமும் அவ்விதமே வெளிநாட்டுச் சரக்கு. விறகுக்கும் பட்டைக்குமாக நட்டவை பிற்பாடு தாமாகவே பரவிப் புல்வெளியை விழுங்கிவிட்டன. மலையின் சொந்தக் காடு, மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைதான். நம் தமிழ்ச் சொல்லையே ஆங்கில நூல்களும் 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. உயரமில்லாத, முறுகிய மரங்கள். குடைபோல் வட்டமான தலைகள். கிளையெல்லாம் பாசியும் சீதாளச் செடிகளும். உள்ளே காலடி வைத்தால் மெத்தை. பல காலமாக உதிர்ந்து மக்கிய இலை அது. மழையை ஒரேயடியாய் ஓடவிடாமல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது.

"இந்தப் பக்கத்து ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து, கீழே கும்பக்கரை அருவியாக விழுந்து, வராக நதி வழியாக வைகைக்குப் போகின்றன" என்றோம், இம்முறை சுருக்கமாக.

தங்கை நின்றாள். "அப்படியானால் நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர்?"

"மதுரைக்குக் குடிதண்ணீர் வைகையிலிருந்துதானே வருகிறது."

அவள் குனிந்து, வேருக்கடியில் கசிந்துகொண்டிருந்த நீரை இரு விரலால் தொட்டுப் பார்த்தாள். இருபது வருஷமாகக் குடத்திலும் தவலையிலும் பிடித்து வைத்த தண்ணீரை அதன் பிறந்த வீட்டில் பார்ப்பதுபோலிருந்தது அவள் பார்வை. ஏரியைச் சுற்றி இரண்டு முறை நடந்தும் அப்படியொரு பார்வை எங்களில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பாறை முனையில் நின்றபோது மேகம் விலகியது. காலுக்குக் கீழே பல்லாயிரம் அடிப் பள்ளம். வெகு தூரத்தில் சமவெளி. பாதை அங்கே முடிவதில்லை. வெள்ளகவி என்னும் மலைக் கிராமத்தை நோக்கிக் கீழே போய்க்கொண்டேயிருக்கிறது. தலைச்சுமையுடன் ஒரு ஸ்திரீ அவ்வழியே ஏறி வந்தாள். காலில் செருப்பில்லை, மூச்சு வாங்கவும் இல்லை. அண்ணி மூச்சிரைப்பதைப் பார்த்து நின்று, "ஏறும்போது பேசாதீங்கம்மா. சின்ன சின்ன அடியா வையுங்க, தானா வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எந்தத் தேகாப்பியாசப் புத்தகத்திலும் இதைவிட நல்ல யோசனை நாம் படித்ததில்லை. அண்ணி கடைப்பிடித்தார், ஆனால் பாதி வழியில் ஒரு வேர் அவரைக் கடைப்பிடிக்கவில்லை. வழுக்கியது. கணுக்கால் பிசகிக்கொண்டது.

வண்டி வர வழியில்லாத இடம். அண்ணனும் நாமும் கைகளைக் கோத்து நாற்காலி அமைத்து அண்ணியை உட்காரவைத்துத் தூக்கினோம். நூறு அடி தூரம் ஏறுவதற்குள் நான்கு தடவை இறக்கினோம். அண்ணன் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. நம்முடைய தோள்பட்டை ஒரு வாரம் வரையில் அந்த நூறு அடியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு மைலை அந்த மனிதர்கள் எப்படித்தான் ஏறினார்களோ! ஐந்தாவது தடவை தூக்கப் போகையில், "வேண்டாம் தம்பி. உங்கள் இருவரையும் அப்புறம் நான் தூக்கவேண்டி வரும்" என்று அண்ணி ஒரு கழியை ஊன்றிக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி தாமே ஏறிவிட்டார். மேலே வந்து சேர இரண்டு மணி நேரமாயிற்று. பெண்கள் மூவரும் அத்தனை நேரமும் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எதைப் பற்றியென்று நமக்குத் தெரியாது. நாங்கள் பின்னால் வந்தோம்.

மற்ற இரண்டு நாட்களையும் விவரிக்க அதிகமில்லை. சிலிண்டர் வந்தது. காலைக் கஞ்சியும் இரவு உப்புமாவும் ஆண்பிள்ளைகள் பொறுப்பு. மத்தியானம் ஊருக்குள் ஒரு சிறிய மெஸ்ஸில் சாப்பாடு. உப்புமாவில் முதல் நாள் உப்பில்லை, மறுநாள் உப்புமா இல்லை, உப்புத்தான் இருந்தது. மொட்டைமாடிக் கணக்கைவிடக் கூடுதலாகச் செலவாயிற்று, உண்மை. ஹோட்டல் விலையேற்றத்தைப் பற்றி நாம் முறையிட்டபோது, அடுத்த வருஷம் ஒரு நாள் குறைத்துக்கொள்ளலாமே தவிர அடுப்பைக் கூட்டிவர வேண்டாம் என்று பெண்கள் சபையில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இந்தத் தடவை ஆட்சேபணை கேட்கவும்பட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசி நாள் மாலை எல்லோரும் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போனோம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவராகி லீலாவதி என்று பெயர் பூண்ட அம்மையார் 1936-இல் எழுப்பிய கோயில் அது. மலைக்குப் பெயர் தந்த குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறையே பூக்கும். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் எதிர்பார்க்கிறார்கள். செடிகளை மட்டும் பார்த்தோம், பச்சையாய்.

அம்மா விரல் விட்டு எண்ணினார். "அப்போது எனக்கு எழுபத்தொன்பது. வரலாம், தம்பி. ஜோடு மாத்திரம் என் அளவுக்கு ஒன்று வாங்கிவிடு."

கீழே இறங்கும்போது நம் பெண் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துத் தன் தாயாரின் பத்தியில் எழுதத் தொடங்கினாள். வளைவுகளில் எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. எட்டிப் பார்த்தோம். சோலை, வைகைத் தண்ணீர், செருப்பில்லாத அம்மாள், டால்பின் மூக்கு, பெரியம்மா விழுந்தது, அப்பாவின் உப்புமா. 'ஜன்னல்' என்று முதலில் எழுதியிருந்ததை அவள் அடிக்கவில்லை. அது அப்படியே மேலே இருந்தது.